இரும்பு இருக்கும் ஊர்

உப்புவெளியில் எங்கள் பின்வளவில்
கிணற்றுக்கு வாங்கி மிஞ்சிய கொங்கிறீற் வளையம் ஒன்று.
அடியில் சீமெந்து பூசி
பிரணவரூபன் அதைக் குளம் என்றார்.
நானும் குளம் என்றேன்.
பதினொரு கப்பி, ஒரு சோடி தங்கமீன்,
பொலித்தீன் பையில் வாங்கிவந்த அல்லிக் கிழங்கு.

மூன்றாம் மாதம் புது இலை மஞ்சள்.
முழு மஞ்சளும் இல்லை.
நரம்பு பச்சை, இடையெல்லாம் வெளிறல்,
யாரோ பச்சைப் பேனையால் ஆறுகளைக் கீறிவிட்டு
நாட்டுக்கு நிறந்தீட்ட மறந்ததுபோல.

"மீன் இருக்குதானே, அதுகள் போடுறது காணாதோ?"
காணும், பாதிக்கு.
நைதரசன் வருகிறது, பொசுபரசு வருகிறது,
அல்லிக்கு முதல் பாசி பந்தியில் குந்திவிடுகிறது.
பொற்றாசியத்துக்கு வாழைத்தோல் புதைத்தேன்.
இரும்புக்கு என்ன செய்ய?

நான் ஆசுபத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்க்கிறவள்.
காலை ஏழரையிலிருந்து குழாய்கள்:
மூதூர்க் கர்ப்பிணி, எட்டு தசம் ஆறு.
பாலையூற்றுப் பள்ளிப்பிள்ளை, ஒன்பது தசம் ஒன்று.
வெளிறல் எனக்குத் தெரியும்.
இழுத்துப் பார்க்க
இலைக்குக் கீழிமை இல்லை, அவ்வளவுதான்.

இந்த ஊரிலா இரும்புக்குப் பஞ்சம்?
துறைமுகத்தில் நங்கூரங்கள்,
காட்டுக்குள் உலகப்போர் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள்,
எங்கள் கேற், கேற்றின் கொண்டி,
உப்புக்காற்று தின்று துப்பியதைக் கூட்டினால்
ஒரு பேசின் துரு.
நாலு ஆணி போட்டுப் பார்த்தேன்.
தாடி முளைத்ததே தவிர
ஆணி ஆணியாகவே கிடந்தது.

பிறகு ஒரு களவு.
கிளினிக்கில் எனக்குத் தந்த இரும்புக் குளிசை,
இரண்டு மாதமாய் விழுங்காமல் லாச்சிக்குள் வைத்தது,
பத்தை இடித்துக் கரைத்து ஊற்றினேன்.
விடியத் தண்ணீர் பிளேன்ரீ நிறம்.
மத்தியானம் எல்லாம் அடியில் மண்டி.
தெளிந்த தண்ணீர், மஞ்சள் இலை,
ஒன்றும் நடவாத முகத்தோடு மீன்கள்.

கிண்ணியாவில் பசளைக்கடை வைத்திருக்கும் நவ்ஃபர்
படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். இலையை அல்ல.
"குளத்தைச் சுத்தி என்ன கல்லு?"
பழைய மதில் இடித்த முருகைக்கல்.
வடிவுக்கு அடுக்கியது.
"அது சுண்ணாம்பு, தங்கச்சி. தண்ணி காரமாகும்.
காரத் தண்ணியில இரும்பு கண்ணுக்குக் கிடக்கும்,
வேருக்குக் கிடையாது."

இருபத்தேழு கல். ஒவ்வொன்றாய்த் தூக்கினோம்.
ஒன்றுக்குள் நகமளவு சிப்பி,
மதிலுக்குள் இத்தனை வருசம்
கடலை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது.

அவர் தந்த பொடியில்
இரும்பை ஏதோவொன்று நண்டுபோல் கவ்விப் பிடித்திருக்குமாம்,
வேர் வந்து கேட்கும்வரை விடாதாம்.
தேக்கரண்டி நுனியளவுதான் போட்டேன்,
குளம் சிவந்துவிட்டது.
யாதுஷா ஓடிவந்தாள்:
"அம்மா, மீனுக்கு இரத்தம் வருது!"
இல்லை என்றேன்.
கொஞ்சம் கழித்து, ஓம், ஒருவகையில், என்றேன்.
அவள் அதற்குள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் ஒரு சுருள் மேலே வந்தது.
செம்பு நிறமாய் இருந்து, விரிந்து, பச்சை.
பழைய இலைகள் பழைய மஞ்சளிலேயே இருக்கின்றன.
அவை இனித் திரும்பா.
ஓரத்திலிருந்து நத்தை தின்று வருகிறது,
அவசரமில்லாமல்.

திங்கட்கிழமை ஆள் குறைந்த நேரம்
என் விரலைக் குத்தி என்னையே பார்த்தேன்.
ஒன்பது தசம் நாலு.
பக்கத்து மேசைத் தில்ருக்‌ஷி
இயந்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
தன் அரைகுறைத் தமிழில் கேட்டாள்:
"சோறு சாப்பிட்டு உடனே தேத்தண்ணி குடிக்கிறதா?"

குடிக்கிறதுதான்.
சாயம் கடுத்து, இரண்டு கரண்டி சீனி போட்டு,
குளத்தடியில் குந்தியிருந்து.

இன்று குளிசை ஒன்றை விழுங்கிவிட்டு
தேத்தண்ணியை வளையத்தின் விளிம்பில் வைத்திருக்கிறேன்.
ஒரு மணித்தியாலம் என்றிருக்கிறாள்.
எறும்பு வந்துவிட்டது.
கப்பிகள் கோப்பையின் நிழலைச்
சாப்பாடு என்று நினைத்து வந்து வந்து பார்க்கின்றன.